பெடலைத் தொடாதே என்று பீத்தோவன் எழுதவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைச்சொல் பட்டியலில் 'சென்ஸா ஸோர்டினோ' என்பதற்கு 'ஒலியடக்கி இல்லாமல், அதாவது பெடலை மிதிக்காமல்' என்று போட்டு, உதாரணத்துக்கு பீத்தோவன் பியானோவுக்கு எழுதிய மூன்லைட் சொனாட்டாவையே காட்டியிருக்கிறீர்கள். அதுதான் மனசு ஆறவில்லை.

வயலினில் ஸோர்டினோ என்றால் கம்பிகளைத் தாங்கும் குதிரையின் மேல் மாட்டும் மியூட், சரி. ஆனால் 1801இல் பீத்தோவன் அந்தச் சொல்லால் குறித்தது, பியானோ கம்பிகளை அமுக்கி ஓசையை நிறுத்தும் டாம்பர்களை. அவை இல்லாமல் வாசி என்றால் தூக்கிவிட்டு வாசி என்று அர்த்தம், தூக்குவதற்குத்தானே வலது பெடலே இருக்கிறது! அந்தக் காலப் பியானோவில் ஓசை சீக்கிரம் அடங்கிவிடும், அதனால் அப்படி எழுத முடிந்தது. இன்றைய பியானோவில் எல்லாம் குழம்பும் என்பதால் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறும்போது பெடலை விட்டு மறுபடி மிதிக்கிறோம். ஒரேயடியாக விட்டுவிடுவதில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

போன வாரம் என்னிடம் படிக்கும் பெண் இரண்டு காலையும் ஸ்டூலுக்கு அடியில் மடக்கிக்கொண்டு அந்த சொனாட்டாவின் முதல் பகுதியை வாசித்தாள். வலது கையின் மும்மூன்று ஸ்வரங்களும் டைப் அடிப்பதுபோல் தனித்தனியாக விழுந்தன. ஏம்மா என்று கேட்டால், "பத்திரிகையிலேயே போட்டிருக்கே மிஸ்" என்கிறாள். இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த நான் அச்செழுத்துக்கு முன்னால் என்ன பேசுவது?

இது முதல் தடவையும் இல்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'பி மைனர் மாஸ்' என்ற தேவாலய இசையின் ஜெர்மன் பதிப்பில் 'ஹெச்-மோல்' என்றிருப்பதை முன்பு ஒருமுறை அச்சுப்பிழை என்று எழுதினீர்கள். மோல் என்றால் மைனர். ஜெர்மன்காரர்களுக்கு பி என்றால் நம்முடைய பி ஃபிளாட் (அரை ஸ்வரம் இறங்கிய பி), நம் பி-யைத்தான் அவர்கள் ஹெச் என்கிறார்கள். அதற்கு முன் 'அலெக்ரோ மா நான் ட்ரோப்போ'வுக்கு 'வேகமாக' என்று மட்டும் போட்டீர்கள். ரொம்ப வேகம் வேண்டாம் என்ற பாதியை விட்டுவிட்டால் பிள்ளைகள் ஓட்டமாக ஓடாமல் வேறென்ன செய்வார்கள்? இரண்டுக்கும் கடிதம் போட்டேன், ஒரு வரி பதில் இல்லை. கிரேடு தேர்வுக்காக இத்தாலியன், பிரெஞ்சு, ஜெர்மன் என்று மூன்று மொழிச் சொற்களை உருப்போடும் பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிறார்கள் ஐயா, அந்த நம்பிக்கைக்காவது மதிப்பு வேண்டாமா?

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம், அதே பக்கத்தில். இனி இப்படிப் பட்டியல் போடும்போது எந்த வாத்தியத்துக்கு என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பியானோ ஆசிரியை,
பெரம்பூர், சென்னை