வார்டு உறுப்பினர் இல்லாத ஊரிலிருந்து 30 எம்.எல்.ஏ.க்களுக்கு

புதுச்சேரி சட்டமன்ற உறுப்பினர்கள் 30 பேருக்கும் வணக்கம். நியமன உறுப்பினர்கள் மூவருக்கும் இந்த மடலின் நகல் உண்டு. வாக்கே கேட்காமல் பதவியில் உட்காருவது எப்படியென்று அவர்களுக்குத் தெரியும் என்பதால், எங்கள் நகராட்சியின் கதை சட்டென்று புரிந்துவிடும்.

போன மழையில் எங்கள் தெருமுனை வாய்க்கால் அடைத்துக்கொண்டது. சிலாப்பைத் தூக்கிப் பார்த்தால் இளநீர் மட்டைக்கு நடுவே ஒரு முழுத் தலையணை. ஒரு அலுவலகத்தில் சொன்னேன், வேறொரு துறையைக் கைகாட்டினார்கள். அங்கே போனால் திரும்ப முதல் இடம். கடைசியில் காலை ஏழு மணிக்கு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் முதியோர் பென்ஷன் கேட்டு ஒரு ஆயா, கல்யாணப் பத்திரிகையோடு இரண்டு பேர். அவர் போன் போட்டார், மறுநாள் ஆள் வந்தது. குறை சொல்ல முடியாது. ஆனால் சட்டம் செய்ய அனுப்பியவரைக் காவாயில் கிடக்கும் தலையணைக்காக போன் போட வைத்துவிட்டோமே என்று அன்று முழுக்க உறுத்தியது.

தொகுதிக்குச் சுமார் 33,000 வாக்காளர்கள்தான். வெளியூரில் சில கவுன்சிலர்களுக்கே அவ்வளவு பேர் இருப்பார்கள். அதனால்தானோ என்னவோ, கவுன்சிலர் வேலையும் உங்கள் கைக்கு வந்துவிட்டது. கைக்கு வந்ததை விட மனமில்லை என்பது என் கணிப்பு. வாய்க்கால், தெருவிளக்கு, வார்டில் பத்துப் பேருக்குத் தெரிந்த முகம்: அடுத்த தேர்தலில் உங்களுக்கு எதிரே நிற்கப்போகிறவர் இப்படித்தானே வளர்வார்?

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1968-க்குப் பிறகு 38 வருடம் கழித்து, நீதிமன்றம் தலையிட்டு, 2006-ல் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குச்சாவடிக்கு வந்த மகளுக்கு இப்போது ஒரு பிள்ளை இருக்கிறது. அவள் இதுவரை ஒரு வார்டு உறுப்பினருக்கு வாக்களித்ததில்லை. 2011-ல் பதவிக்காலம் முடிந்ததோடு சரி, அதிகாரிகள் ஆட்சிதான். பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-யு. 2021-ல் தேதிகூட அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் அதுவும் நின்றது. பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதைக் காரணம் காட்டி ஒதுக்கீடும் இல்லாமல் தேர்தலும் இல்லாமல் வைத்திருப்பது யாருக்கு லாபம்? பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் கடலூர் 2021-ல் மாநகராட்சியானது, 2022 பிப்ரவரியில் வாக்களித்து மன்றமும் அமைத்துவிட்டது.

பெரிய மார்க்கெட் விவகாரத்தையே எடுங்கள். நகராட்சியின் சொத்து அது, பெயர் இந்த ஊர் மேயராக இருந்த குபேர் பெயர். இடித்துக் கட்டுவதா, அப்படியே சீரமைப்பதா, கட்டி முடியும்வரை கடைகள் எங்கே போவது என்று வியாபாரிகள் ஒரு பக்கம், அதிகாரிகள் ஒரு பக்கம் நின்றார்கள். கூடை வைத்து மீன் விற்கிற அம்மாவுக்காகவும் பை தூக்கிக்கொண்டு போகிற எனக்காகவும் பேச நடுவில் ஒரு ஆளில்லை. மன்றம் இருந்திருந்தால் ஒருமித்த முடிவு வந்திருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சண்டையாவது நாற்காலி போட்ட இடத்தில், மினிட் புத்தகத்தில் ஏறி நடந்திருக்கும். கடற்கரையில் மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி மாளிகை, 2014 மழையில் இடிந்து விழுந்தது, திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். நகர மன்றத்துக்கான வீடு புதிதாக நிற்கிறது, மன்றம்தான் இல்லை. ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, கிருஷ்ணா நகருக்குள் ராணுவம் வந்து ஆட்களை மீட்டதே, அன்றைக்கும் எந்தத் தெருவில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார் என்று தெரிந்த வார்டுக்காரர் ஒருவர் கிடையாது.

இன்னொன்று. துணைநிலை ஆளுநர் கோப்பைத் திருப்பி அனுப்பும்போதெல்லாம், மக்கள் தேர்ந்தெடுத்த எங்களுக்கு அதிகாரம் இல்லையா என்று கேட்கிறீர்கள். மாநில அந்தஸ்து கோரி எத்தனை தீர்மானம்! அந்தக் கோரிக்கையில் நானும் உங்கள் பக்கம்தான். டெல்லியைப் பார்த்து நீங்கள் கேட்பதை உங்களைப் பார்த்து நாங்கள் கேட்டால் மட்டும் ஏன் கசக்கிறது?

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் 178 பேர் வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். அந்த 178 பேர் யார்? பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி, கொம்யூன் என்கிற உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்களும். இந்த மண் எந்த நாட்டோடு சேர்வது என்று முடிவெடுக்கக் கவுன்சிலரை நம்பினார்கள். நீங்கள் சாக்கடை மூடிக்குக்கூட நம்பவில்லை.

அடுத்த கூட்டத்தொடரில் 30 பேரும் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டாம், ஒருவர் எழுந்து கேட்டால் போதும்: உள்ளாட்சித் தேர்தல் எந்த மாதம், எந்தத் தேதி? பதில் வருகிற நாளில் நான் பார்வையாளர் மாடத்தில் இருப்பேன். வீட்டு வரி ரசீதும் பையில் இருக்கும்.

இப்படிக்கு,
2006-ல் மையிட்ட விரலோடு ஒரு நகராட்சிவாசி