ஜாமீன் ரத்து மனுக்கள் எங்கே தோற்கின்றன?

ஆசிரியருக்கு வணக்கம்.

பரபரப்பான வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீனில் வெளியே வந்ததும் ரத்து செய்யக் கோரி மனு போடுகிறார்கள். அது தள்ளுபடியானால் பாதிக்கப்பட்ட குடும்பம் நொறுங்கிப்போகிறது. இந்த மனுக்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஜாமீன் கொடுத்த உத்தரவே தவறு என்பதையும், வெளியே வந்தவர் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்பதையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்புவது. செய்திகளிலும் இரண்டையும் 'ஜாமீன் ரத்து' என்றே எழுதுகிறோம்.

உத்தரவு தவறு என்றால் மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். முக்கிய ஆதாரத்தைப் பார்க்காமலோ, காரணம் சொல்லாமலோ, பொருந்தாத காரணங்களை வைத்தோ ஜாமீன் கொடுத்திருந்தால் அந்த உத்தரவு நிற்காது. அதன்பின் அவர் ஒழுங்காக நடந்துகொண்டார் என்பது அங்கே பதில் ஆகாது. விவசாயிகள் மீது காரை ஏற்றிக் கொன்றதாகத் தொடரப்பட்ட லக்கிம்பூர் கேரி வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீக்கியது இப்படித்தான். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பேச உரிய வாய்ப்பு தரப்படாததையும் அது காரணமாகச் சொன்னது.

நடத்தையை வைத்து ரத்து கேட்பது வேறு. ஒருமுறை கொடுத்த ஜாமீனைப் பறிக்க மிக வலுவான சூழ்நிலை வேண்டும் என்று 1994இல் தௌலத் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. சாட்சியைக் கலைப்பது, விசாரணையில் தலையிடுவது, தப்பி ஓடுவது அல்லது அதற்கு முயல்வது, கிடைத்த சலுகையை வேறு வகையில் துஷ்பிரயோகம் செய்வது ஆகியவை அதில் அடங்கும். குற்றம் எவ்வளவு கொடூரமானது என்று பத்துப் பக்கம் எழுதினாலும் இங்கே பயன் குறைவு. ஜாமீன் கொடுத்த நாளிலேயே நீதிமன்றத்துக்கு அது தெரியும். அதற்குப் பின் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

எவ்வளவு நிரூபிக்க வேண்டும் என்பதில் பாதிக்கப்பட்டவர்கள் வீணாக அஞ்சுகிறார்கள். 1978இல் சஞ்சய் காந்தியின் ஜாமீன் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சாட்சியைக் கலைத்தார் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதே தீர்ப்பு, சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்பதை மட்டும் வைத்து குற்றம் சாட்டப்பட்டவர்தான் கலைத்தார் என்று முடிவுகட்ட முடியாது என்றும் சொன்னது. இரண்டையும் இணைக்கும் விவரம் வேண்டும்: யார் வந்தார், எந்தத் தேதி, என்ன சொன்னார், எந்த எண்ணிலிருந்து அழைத்தார். 'தொடர்ந்து மிரட்டி வருகிறார்' என்ற ஒற்றை வரி மனு நிற்கவே நிற்காது. மிரட்டல் வந்த அன்றே காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துக் கொடுத்தால் மனுவுக்காகச் ஜோடித்தது என்பார்கள். குரல் பதிவும் வாட்ஸ்அப் செய்தியும் இருந்த போனை விற்றுவிடவோ அழித்துவிடவோ கூடாது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதற்கான பிரிவுகள் இரண்டு. ஜாமீன் கொடுத்த மாஜிஸ்திரேட்டே திரும்பக் காவலில் வைக்க 480(5); செஷன்ஸ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ரத்து செய்ய 483(3). போலீஸ்தான் மனு போட வேண்டும் என்பதில்லை, புகார்தாரரும் போடலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் நிபந்தனை ஜாமீன் உத்தரவுகளின் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள். நிபந்தனையை மீறினால், தானே ஜாமீன் கொடுத்ததுபோலக் கருதி மாஜிஸ்திரேட்டே நடவடிக்கை எடுக்கலாம் என்று பி.கே.ஷாஜி வழக்கைச் சுட்டி எழுதியிருப்பார்கள். அந்தப் பத்தி இருந்தால் சென்னைக்கோ மதுரைக்கோ அலைய வேண்டாம்.

ஜாமீனில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டியது உண்டு. நிபந்தனைப்படி ஒருநாள் கையெழுத்துப் போடாவிட்டால் ஜாமீன் தானாகப் போய்விடாது. நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டுத்தான் நீதிமன்றம் முடிவெடுக்கும். அதற்காக அலட்சியமும் கூடாது. காய்ச்சலோ சாவு வீடோ என்றால் அன்றே வழக்கறிஞர் மூலம் தெரிவித்து, மருத்துவச் சான்றை வைத்துக்கொள்ள வேண்டும். வெளியூரில் வேலை கிடைத்தால் முதலில் நிபந்தனை தளர்வு மனு, பிறகுதான் பயணம். வாய்தாவுக்குப் போகாமல் பிடிவாரண்டு பிறந்துவிட்டால் உடனே ஆஜராகி, அதைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனு போடுவதே வழி. ஒளிந்திருக்கும் ஒவ்வொரு நாளும் 'தலைமறைவு' என்ற வாதத்துக்கு வலு சேர்க்கும். போதிய காரணமின்றி ஆஜராகாமல் இருப்பதே பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 269ஆம் பிரிவில் தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு.

பலரும் கவனிக்காத இன்னொரு சூழல், பிறகு சேர்க்கப்படும் பிரிவுகள். காயம்பட்டவர் இறந்து வழக்கு கொலையாக மாறினால், பழைய ஜாமீனில் இருப்பவரைப் போலீஸ் தானாகக் கைது செய்ய முடியாது. ஜாமீன் கொடுத்த நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும் என்று 2019இல் பிரதீப் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதேபோல, 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாததால் கிடைத்த ஜாமீன், பிறகு அது தாக்கலானதாலேயே ரத்தாகாது. குற்றப்பத்திரிகையில் வலுவான வழக்கும் சிறப்புக் காரணங்களும் தெரிந்தால் ரத்து கேட்கலாம் என்பது 2023 கங்கி ரெட்டி வழக்கின் தீர்ப்பு.

ஜாமீன்தாரர்களுக்கும் ஒரு சொல். பழக்கத்துக்காகக் கையெழுத்துப் போட்டு, அந்த ஆள் ஓடிவிட்டால், பத்திரத்தில் எழுதிய தொகையைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். ஆள் போக்கு சரியில்லை என்று தெரிந்ததும், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 489ஆம் பிரிவில் உங்களை விடுவிக்கக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் எப்போது வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். அவரை வரவழைத்து வேறு ஜாமீன்தாரர் கேட்பார்கள். கொடுக்க முடியாவிட்டால் அவர் சிறைக்குப் போக நேரும்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞர்