பண்ணைக் கரையில் தூண்டிலுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் கடல்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பு வலயங்கள் வேண்டும் என்போர் பக்கம்தான் நானும். பண்ணைப் பாலத்தடியில் பின்னேரங்களில் தூண்டில் போடுகிறவன் என்பதாலேயே அப்படிச் சொல்கிறேன். கடற்புல் இருந்தால்தான் ஓரா மீன் வரும். கண்டல் வேர்களுக்குள்தான் இறால் குஞ்சு வளரும். அவை அழிந்தால் எங்கள் முள்ளில் என்னதான் கொத்தும்?

ஆனால் 'மீன்பிடி தடை' என்று ஒரே வரியில் எழுதி, இழுவைமடியையும் கைத்தூண்டிலையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. இழுவைமடி கடலின் அடியையே வாரிக்கொண்டு போகும். அதை 2017 இல் சட்டமே தடைசெய்தது. அப்படியிருந்தும் நெடுந்தீவுக் கடலில் இந்திய இழுவைப் படகுகளின் தொல்லை தீரவில்லை. முதலில் அதை நிறுத்துங்கள்.

சரி, எங்களுக்கும் கட்டுப்பாடு வேண்டும். இனப்பெருக்க காலத்தில் கரையை மூடினால் நான் வீட்டில் இருப்பேன். குஞ்சு மீனைத் திருப்பி விடவேண்டும் என்று விதி போடுங்கள். அறுந்த தங்கூசியை, அதாவது தூண்டில் நைலோன் நூலை, கல்லிடுக்கில் விட்டுப் போகிறவர்களுக்குத் தண்டம் அறவிடுங்கள். அதில் கால் சிக்கி இறகடித்துக்கொண்டிருந்த கொக்கு ஒன்றை நானே அவிழ்த்துவிட்டிருக்கிறேன்; நூல் தோலை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது.

வலயத்தின் எல்லையைக் கொழும்பில் இருந்து கீற வேண்டாம். எங்கே புல், எங்கே சேறு என்று குருநகர், நாவாந்துறைத் தொழிலாளிகளுக்குத் தெரியும். வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு, முடிவெடுக்க முன்னரே கடற்றொழிலாளர் சங்கங்களில் ஒட்டுங்கள்.

வாசகர் ஒருவர்,
கொட்டடி, யாழ்ப்பாணம்.