ஓடுகிற பெண்ணுக்கு மாதவிடாய் நின்றால் முதலில் சாப்பாட்டைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் போதும், உடம்பைக் குறைப்பது எப்படி என்று எல்லாப் பத்திரிகைகளும் ஆரம்பித்துவிடும், நீங்களும் விலக்கில்லை. அதை நாற்பது வயதுக்காரர்கள் மட்டும் படிப்பதில்லை. காலையில் ஓட்டப் பயிற்சி, நடுவில் பள்ளிக்கூடம், மாலையில் மறுபடியும் கிரவுண்டு என்று இருக்கிற பதினைந்து வயதுப் பெண்ணும் படிக்கிறாள், படித்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துகிறாள். வடசென்னையில் பல வருடம் பி.டி. டீச்சராக இருந்தவள் நான்.

அந்தப் பெண்களின் டிபன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். வெள்ளரி, கேரட், ஒரு கரண்டி சாதம், அதையும் ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பாள். காலையில் வெறும் காபியோடு வந்தவள். கேட்டால் ‘வெயிட் குறைஞ்சாதான் மிஸ் டைமிங் வரும்’ என்பாள். முதலில் டைமிங் கொஞ்சம் வரவும் செய்யும், வம்பே அதுதான். அப்புறம் இரண்டு மாதம், மூன்று மாதம் பீரியட்ஸ் வராது. போட்டி நேரத்தில் நாப்கின் கவலை இல்லை என்று அவளுக்கு நிம்மதி. அம்மா கேட்டால் ‘ஓடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தானாம்’ என்று பதில் வரும். சில கோச்சுகளும் அதையே சொல்கிறார்கள், நன்றாக உழைக்கிறாள் என்பதற்கு அது அடையாளமாம்!

உண்மையில் அது பட்டினிக்கு அடையாளம். சாப்பிட்டதில் பயிற்சிக்குச் செலவானது போக மிச்சமிருக்கும் சக்தியை வைத்துத்தான் உடம்பு மற்ற வேலைகளைப் பார்த்தாக வேண்டும். அது போதாதபோது மூளையில் உள்ள ஹைபோதலாமஸ் சுருதியைக் குறைத்துவிடுகிறது, சினைப்பைக்குப் போக வேண்டிய தூண்டுதல் குறைகிறது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்குகிறது, மாதவிடாய் நிற்கிறது. இதற்கு ஆள் எலும்பும் தோலுமாக இருக்க வேண்டியதில்லை. பார்க்கச் சரியான எடையில் இருக்கிற பெண்ணுக்கும், அவசரமாக நாலைந்து கிலோ குறைத்தவளுக்கும் வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இந்தச் சக்திக் குறைபாட்டுக்கு ‘ரெட்-எஸ்’ என்று பெயர் வைத்து அறிக்கை வெளியிட்டது, 2023-ல் அதைப் புதுப்பித்தது. நம் கிரவுண்டுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பெரிய அடி எலும்புக்கு. வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டிய எலும்பின் பெரும்பகுதி சேருவதே இந்த வயதில்தான், அந்த நேரம் பார்த்து ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் சேர வேண்டியது சேராது, ஓட ஓட எலும்பில் விரிசல் விடும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் வலியில் துள்ளுவாள். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ எடுத்தால்தான் விரிசல் தெரியும். அதற்குள் ஸ்ப்ரே அடித்து இன்னும் நாலு ரவுண்டு ஓட விட்டிருப்பார்கள்.

டாக்டரிடம் போனாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் பீரியட்ஸ் தள்ளினாலே பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று முடிவு கட்டிவிடுகிறோம், கூடவே ‘வெயிட்டைக் குறைம்மா’ என்று அறிவுரை வேறு. குறைத்ததால் நின்றவளிடம் இன்னும் குறை என்றால் என்ன ஆவது? இல்லாவிட்டால் மாதாமாதம் வருவதற்கு ஹார்மோன் மாத்திரை. பீரியட்ஸை வரவழைப்பதற்காக மட்டும் இந்த நிலையில் கருத்தடை மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவில் உள்ள ஹார்மோன் மருத்துவர்கள் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 2017-ல் வழிகாட்டுதலே போட்டிருக்கிறது. மாத்திரையால் ரத்தப்போக்கு வந்துவிடும், வீட்டில் எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள், காரணம் அப்படியே இருக்கும்.

வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடம் 45 நாள் வரை தள்ளிப்போவது சகஜம். மூன்று மாதம் வரவில்லை என்றாலோ 15 வயதாகியும் பூப்படையவில்லை என்றாலோ டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் போன்ற ஹார்மோன்களை எல்லாம் சோதிப்பார்கள். கர்ப்பப் பரிசோதனை என்றதும் அம்மாக்கள் டாக்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள், யாராக இருந்தாலும் முதலில் எடுக்கிற டெஸ்ட் அது. செலவுக்குத் தயங்குபவர்களுக்கு எழும்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் அரசு மகப்பேறு மருத்துவமனைகள் இருக்கின்றன. எத்தனை கிலோ குறைந்தது, என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு நேரம் பயிற்சி என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

வைத்தியம் பெரும்பாலும் சாப்பாடுதான், கூடவே பயிற்சியையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். திரும்ப வர மாதக்கணக்கில் ஆகலாம். பயிற்சிக்கு முன் இரண்டு வாழைப்பழம், முடிந்த கையோடு இட்லியும் முட்டையும், மாலையில் சுண்டல், ராத்திரி ஒழுங்கான சாப்பாடு. வயதுக்கு வந்தபோது உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டிய அதே வீடுதான் இரண்டு வருடத்தில் ‘குண்டாயிட்டே’ என்கிறது. சாப்பிடவே பயப்படுகிறாள் என்றால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயிற்சி முகாம் படிவங்களில் உயரம், எடை, பிறப்புச் சான்றிதழ் என்று எல்லாம் கேட்கிறார்கள். கடைசியாக எப்போது பீரியட்ஸ் வந்தது என்பதை ஒரு பெண் ஆசிரியை தனியாகக் கேட்டு, வெளியே விடாமல் குறித்து வைத்தால் பாதிப் பேரை முன்கூட்டியே பிடித்துவிடலாம். அப்புறம், அடுத்த முறை டயட் கட்டுரை போடும்போது வளர்கிற பிள்ளைகளுக்கும் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது என்று மேலேயே ஒரு வரி போடுங்கள். கடைசியில் பொடி எழுத்தில் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள்.

– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.