ஐந்து வாளிப் பால்

ஆசிரியர் அவர்களுக்கு,

மில்லில் தறி ஓட்டியவன் நான். 1982 மும்பை மில் வேலைநிறுத்தத்தோடு வேலை போயிற்று. பேத்திக்குக் கல்லூரியில் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ பாடம். முதலாளியை விரட்டிவிட்டு விலங்குகளே பண்ணையை நடத்துவதாக 1945இல் வந்த கதை. அவள் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

சோஷலிசத்தைக் கிண்டல் செய்யும் கதை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை, ஆர்வெல்லே சோஷலிஸ்ட்தான். முதலாளியை விரட்டியதில் தப்பில்லை. எல்லா விலங்கும் சமம் என்று சுவரில் கட்டளை எழுதிய அன்று மாலையே ஐந்து வாளிப் பால் காணாமல் போகிறதே, கோளாறு அங்கே! மூளை வேலை பார்க்கும் பன்றிகளுக்குப் பாலும் ஆப்பிளும் வேண்டுமாம்.

எங்கள் சால் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) கமிட்டியும் இப்படித்தான். தண்ணீர் மோட்டாருக்கு வீட்டுக்கு நூறு ரூபாய் வசூல். கணக்கு கேட்டால், “உங்களுக்காகத்தானே ராத்திரி பகலா அலையுறோம்” என்பார்கள்.

உழைத்து விழுந்த குதிரையை அடிமாடாக விற்று, அந்தக் காசில் பன்றிகள் விஸ்கி வாங்கும் இடத்தில் பேத்தியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பக்கத்துத் தறிக்காரர் ஞாபகம். “தலைவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்பார், அந்தக் குதிரையைப் போலவே.

சரி, வரவு செலவைப் பலகையில் ஒட்டும்படி கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு மாதமாகிறது.

முன்னாள் மில் தொழிலாளி,
தாராவி, மும்பை