பத்து மாத அட்வான்ஸும் ஒரு மாத அட்வான்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிறந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டை. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்கு வந்து பதினாறு வருடமாகிறது. இங்குள்ள மால்பார் (தமிழ் வம்சாவளி) பெண்களுக்குக் கோவில் திருவிழாக்களுக்கு ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுக்கிறேன். அம்பத்தூரில் என் தம்பிக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறது. அதில் குடியிருந்த குடும்பம் சென்ற வருடம் காலி செய்தபோது நடந்ததுதான் என்னை எழுத வைத்தது.

வாடகை 15,000. அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது ஒன்றரை லட்சம். தம்பி அந்தப் பணத்தை மகள் கல்யாணத்தில் செலவழித்துவிட்டான். காலி செய்கிறோம் என்று அவர்கள் சொன்னதும் வட்டிக்கு அலைந்தான். பணம் புரட்ட மூன்று மாதமாயிற்று. கொடுக்கும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டான். சுவரில் ஆணி அடித்தது யார், குழாய் ஒழுகியது எப்போது என்று போனிலேயே சண்டை. இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள். நிரூபிக்கத்தான் யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

தமிழ்நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது, வீட்டைத் திரும்பப் பெற்ற ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் மூன்று மாத வரம்பு செல்லாது என்று அதிலேயே ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் பத்து மாதம் உள்ளே வருகிறது. வீடு தேடி அலைகிறவர் ஒப்பந்தத்தில் எதை மறுக்க முடியும்?

ரீயூனியன் பிரான்சின் ஒரு பகுதி என்பதால் இங்கே 1989 ஜூலை 6ஆம் தேதிய பிரெஞ்சுச் சட்டம்தான். கட்டில், நாற்காலி இல்லாமல் விடும் வீட்டுக்கு அட்வான்ஸ் ஒரே மாதம். 2008 வரை இரண்டு மாதமாக இருந்ததைக் குறைத்தார்கள். ஏஜென்சி வழியாகப் போனால் வீடு காட்டுவது, நம் காகிதங்களைச் சரிபார்ப்பது, ஒப்பந்தம் எழுதுவது எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று 2014இல் உச்சவரம்பு வைத்தார்கள். ஊரைப் பொறுத்து அப்போது 8, 10 அல்லது 12 யூரோவாக இருந்தது. வீட்டின் நிலையைக் குறித்து வைக்க இன்னொரு 3 யூரோ. வீட்டுக்காரர் கொடுப்பதைவிட அதிகமாக நம்மிடம் வாங்கக் கூடாது. 2018இல் இத்தீவின் தலைநகரான செயிண்ட் தெனியில் 62 சதுர மீட்டர் வீட்டுக்கு நாங்கள் கட்டியது 682 யூரோ. சிறிய தொகை இல்லை. ஆனால் இன்ன வேலைக்கு இவ்வளவு என்று ரசீதில் இருந்தது.

குடிபோன அன்று ஏஜென்சிக்காரர் டார்ச் விளக்கோடு வந்தார். எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தார், ஜன்னல் கதவுகளை எண்ணினார், சமையலறை ஓடுகளைத் தட்டிப் பார்த்தார். "பின்னறைக் கூரையில், ஜன்னலுக்கு மேல், கை அகலப் பழுப்புக் கறை" என்றுகூட எழுதினார். இதை இங்கே 'எத்தா தே லியூ' என்பார்கள். வீண் வேலை என்று என் கணவர் முணுமுணுத்தார்.

ஆறு வருடம் கழித்து, பெலால் புயல் அடித்த 2024ஆம் வருடம், வீட்டைக் காலி செய்தோம். எழுபது வயதைத் தாண்டிய வீட்டுக்கார அம்மா அந்தக் கறையைப் பார்த்துவிட்டு, புயலன்று நாங்கள் ஜன்னலைச் சரியாகச் சாத்தவில்லை என்றார். பழைய தாளை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். ஆனால் என் கையிலிருந்து அம்மிக் குழவி விழுந்து விரிசல் விட்ட சமையலறை ஓடு அந்தத் தாளில் இல்லை. அதற்கு 45 யூரோ பிடித்தார், மேஸ்திரி கொடுத்த பில்லையும் சேர்த்து அனுப்பினார். அது நியாயம்தான். அட்வான்ஸாகக் கட்டிய 680இல் 635 யூரோ ஏழாவது வாரம் வங்கிக்கு வந்தது. பழுது ஏதும் இல்லையென்றால் ஒரு மாதம், இருந்தால் இரண்டு மாதம் கெடு. தாண்டினால் மாத வாடகையில் பத்து சதவீதம் ஒவ்வொரு மாதமும் அபராதம்.

இங்குள்ள சட்டம் எல்லாமே சரி என்று நான் சொல்லமாட்டேன். 2022 முதல் 2024 மார்ச் வரை இந்தத் தீவில் வாடகையை வருடத்துக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாமல் இருந்தது. 680 யூரோ வாடகை என்றால் 17 யூரோ. அதே சமயம் வீட்டு வரிக்கு அடிப்படையான மதிப்பை அரசு 2023இல் மட்டும் 7.1 சதவீதம் கூட்டியது. ஒரே வீட்டை நம்பி வாழும் அந்த அம்மாவைப் போன்றவர்களுக்கு அது பெரிய பாரம். வாடகையைக் கட்டுப்படுத்துவது ஒன்று, அட்வான்ஸையும் கமிஷனையும் கட்டுப்படுத்துவது வேறு. இரண்டாவதில் வீட்டுக்காரருக்கு நஷ்டம் வந்து நான் பார்த்ததில்லை.

"நாலு மாதம் வாடகை கொடுக்காமல் உட்கார்ந்துவிட்டால் நான் என்ன செய்வேன் அக்கா?" என்று தம்பி கேட்டான். பயம் நியாயமானது. இங்கே அதற்குத்தான் ஜாமீன் கையெழுத்து கேட்கிறார்கள். குடியிருப்பவர் கொடுக்கத் தவறினால் கையெழுத்துப் போட்டவர் கொடுக்க வேண்டும். எங்களுக்குப் போட்டவர் என் கணவரின் அண்ணன். நம் ஊரிலும் சம்பளக்காரரான ஒரு சொந்தக்காரரை அப்படிக் கேட்கலாம் என்று சொன்னேன். யோசித்துவிட்டு, புதிதாக வந்த குடும்பத்திடம் மூன்று மாதம், 45,000 மட்டும் வாங்கியிருக்கிறான். குடிவந்த பையனின் சித்தப்பா ஜாமீன் போட்டிருக்கிறார். சாவி கொடுப்பதற்கு முன் தம்பி மனைவி நோட்டோடு அறை அறையாகப் போய், சுவர், குழாய், சுவிட்ச், கதவுத் தாழ்ப்பாள் என்று எழுதி இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கினாள். நாலு பக்கம் வந்தது.

அந்த நாலு பக்கத்தையும், பெயர்களை நீக்கி, வெற்றுப் படிவமாகத் தமிழில் தயார் செய்து வைத்திருக்கிறேன். தாங்கள் வெளியிடுவதாக இருந்தால் உடனே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செயிண்ட் ஆந்த்ரே, ரீயூனியன்