கயல்விழிக்கு ஒரு பட்டறை

திருச்சி

அன்புள்ள சேகர்,

நலம். அம்மாவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்த செய்தி வேறு யார் மூலமாகவோ உன் காதுக்கு வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன். நம் கயல்விழி பிளஸ் டூவுக்குப் பிறகு அரசு ஐ.டி.ஐ.யில் இருசக்கர, மூன்று சக்கர வாகன மெக்கானிக் பிரிவில் சேர்ந்தாள். பயிற்சி முடியப் போகிறது. சின்னச்சாமி மாமா தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். நாம் புல்லட் வாங்கியபோதும் இதே சத்தம்தான் போட்டார், நினைவிருக்கிறதா?

கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் 1,000 ரூபாயும் வருகிறது. அந்தப் பணத்தில் அவள் முதலில் வாங்கியவை இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரும்.

சென்ற ஞாயிறு என் ஸ்பிளெண்டருக்கு டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, சரிசெய்தாள். என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும் என்று காலையிலிருந்து வண்டியை எடுக்கவே விடவில்லை. பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் மேக்னட்டின் ‘டி’ குறியை நேராக்கிய பிறகும் உடனே ஸ்பேனரை எடுக்காமல், வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்ம்களை விரலால் அசைத்துப் பார்த்தாள். ஆட்டம் இல்லை என்றதும் இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றினாள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்தக் குறி இரண்டு முறை வரும், கம்ப்ரஷன் முடிவில் வரும்போதுதான் இரண்டு வால்வும் மூடியிருக்கும் என்று நிதானமாக எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். எனக்குப் பெருமையில் பேச்சே வரவில்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு புதிய பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் சென்சாரும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வும் வந்துவிட்டன. ஸ்கேனர் ஒரு பிழைக் குறியீட்டைக் காட்டியதும் சென்சாரை மாற்றிவிடக் கூடாது, முதலில் ஒயர்களை இணைக்கும் கப்ளரையும் ஒயரையும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குப் பாடமாகிவிட்டது. ஆனால் ஓடும் என்ஜினின் சத்தத்தைக் கேட்டே டைமிங் செயினா, பிஸ்டனா என்று பிரித்தறியும் காது ஒரே ஆண்டில் வந்துவிடாது. பட்டறை நடத்தும் உன்னிடம் அது இருக்கிறது.

இப்போது என் கவலையைச் சொல்கிறேன். அப்ரண்டிஸ் வேலை கேட்டு ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனாள். அவள் பள்ளிச் சான்றிதழையெல்லாம் புரட்டிப் பார்த்தவர்கள், முன்னால் உட்கார்ந்து வண்டிக்கு என்ன வேலை என்று குறிக்கும் ஜாப் கார்டு எழுதவும் வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்யவும் சம்மதமா என்று கேட்டார்களாம். அவளோடு படித்த பையன்களை மறுபேச்சில்லாமல் உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். ஜாப் கார்டு எழுதுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்ஜினைப் பிரிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையை முதல் இரண்டு ஆண்டுகள் நாற்காலியில் உட்கார வைத்தால், பிறகு அவளை யார் மெக்கானிக் என்று ஏற்பார்கள், சேகர்? கைப்பழக்கம் போய்விட்டால் அவள் வாங்கப்போகும் ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு என்ன மதிப்பு?

ஆகவே உரிமையோடு கேட்கிறேன்: தேர்வு முடிந்ததும் அவளைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பட்டுமா? தங்கை வீட்டில் தங்கிக்கொள்வாள். பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 இன்னும் உன் பட்டறைக்கு வருகிறது என்றாயே, ஒன்றை முழுதாகப் பிரித்துக் கோக்கச் சொல். கிளட்ச், ஹெட் வேலை, ஒயரிங் எல்லாம் பழகட்டும். தவறு செய்தால் பையன்களைத் திட்டுவதுபோலவே திட்டு, செல்லம் கொடுக்காதே. சம்பளத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பில் புத்தகத்தை மட்டும் அவள் கையில் கொடுத்துவிடாதே.

உன் பட்டறைப் பையன்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேட்டு, இந்த வாரத்துக்குள் பதில் எழுது.

அன்புடன்,
குமரேசன்